அரைக்கிலோ வயல்: கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒற்றை நாற்று வந்துபோனது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஏக்கரும் சென்ட்டும் எங்கள் பக்கத்தில் பத்திரத்துக்குத்தான். வாய்ப்பேச்சில் பெரியவர்கள் இன்னும் "அது மூணு மரக்கா வெதப்பாடு" என்றுதான் சொல்வார்கள். மூன்று மரக்கால் விதை விழுந்தால் நிறைகிற நிலம் என்று பொருள். 21 மரக்கால் ஒரு கோட்டை. இப்படி நிலத்தையே விதையால் அளந்த ஊரில், 2004-ஆம் ஆண்டு பிசானப் போகத்துக்கு என் மாமா அரைக் கிலோ விதைநெல்லைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து, இருபது சென்ட்டுக்கு இது போதும் என்றார். வழக்கமாக அந்தத் துண்டுக்கு ஐந்து கிலோ போகும். அத்தை முடிச்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மீதிய கோழிக்குப் போட்டுட்டியளோ?" என்று கேட்டாள்.

அந்த இருபது சென்ட்டில் அந்தப் பிசானத்தில் நடந்ததும், அதன் பிறகு இருபது ஆண்டுகளில் ஊரில் நடந்ததும்தான் இந்த ஆய்வின் பொருள். கையில் இருப்பவை மூன்று: கூலியும் மூடைக் கணக்கும் எழுதி வைத்த மாமாவின் நோட்டு, நடுகைக்கு வந்த பெண்களின் நினைவு, விடுமுறைக்கெல்லாம் அங்கேயே கிடந்த என் கண். மாமா என்பதால் கொஞ்சம் சாய்வு இருக்கும். வாசிப்பவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

இடத்துக்கு ஒரே ஒரு இளநாற்றாகத் தள்ளித் தள்ளி நடுகிற அந்த முறைக்கு ஒற்றை நாற்று நடவு என்று பெயர். அரசுத் தாள்களில் திருந்திய நெல் சாகுபடி, செம்மை நெல் சாகுபடி என்று வரும். இன்று அந்த ஊரில் ஒருவர்கூட இதை முழுசாகச் செய்வதில்லை. கணக்கெடுக்க வருபவர் ஒரு கட்டத்தில் "பின்பற்றவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்கு பஸ் ஏறலாம். அப்படி எழுதினால் அந்த ஊரில் நடந்ததில் பாதி விட்டுப்போகும் என்பது என் கட்சி.

ஊரும் தண்ணீரும்

ஊர்ப் பெயர் வேண்டாம். கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே, கன்னடியன் கால்வாயில் பாயும் ஊர். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து மூன்றாவது கன்னடியன். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், கையில் கிடைத்த பொன்னைக் கொண்டு கால்வாய் வெட்டினார் என்றும், பசுமாடு ஒன்று நடந்துபோன வழியே வெட்டிக்கொண்டு போனார் என்றும், அது படுத்த இடத்தில் குளம், நின்ற இடத்தில் மடை என்றும் கதை சொல்வார்கள். மட்டம் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் சரிவு கண்டுபிடிக்க மாட்டை விட்டிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கதையை அதற்கு மேல் தோண்ட வேண்டாம்.

இரண்டு போகம். ஜூனில் தண்ணீர் திறந்தால் கார். ஐப்பசி மழையோடு தொடங்கி மாசி பங்குனியில் அறுப்பது பிசானம். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது பாபநாசம், மணிமுத்தாறு நீர்மட்டத்தைத்தான். 143 அடி அணையில் எத்தனை அடி, 118 அடி அணையில் எத்தனை அடி என்பதை வைத்து டீக்கடையில் கார் உண்டா இல்லையா என்று தீர்ப்பே சொல்லிவிடுவார்கள்.

ஊர் போட்டுக்கொண்டிருந்த நெல் அம்பை 16. அம்பாசமுத்திரத்தில் 1937-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ரகம். குட்டை உயரம், தடித்த அரிசி, 110 முதல் 115 நாள். இட்லிக்கு அதைவிட்டால் வேறில்லை என்று சாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2004-இல் அதற்கு வயது பதினெட்டு. அதற்குள் ஊரில் அது "நம்ம பழைய நெல்லு" ஆகியிருந்தது. புதுசை எதிர்த்து ஊர் பேசியபோதெல்லாம் பழசுக்குச் சாட்சியாக இழுக்கப்பட்டது இந்தப் பதினெட்டு வயது நெல்தான்.

வெள்ளை வேர்

ஒற்றை நாற்று பிறந்தது மடகாஸ்கரில். 1961-இல் அங்கே போன ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், உழவர்களோடு சேர்ந்து வயலில் என்னென்னவோ செய்து பார்த்தவர். 1983-இல் ஆன்ட்சிராபே ஊர்ப் பக்கம் பள்ளி ஒன்றின் நிலத்தில், நேரம் போதாமல், பதினைந்து நாள் நாற்றையே பிடுங்கி நட வேண்டி வந்தது. அழிந்துவிடும் என்று நினைத்த பயிர் தூர் வெடித்து நின்றது. தற்செயலாக நடந்ததை அவர் விடாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து முறையாக்கினார். 1990-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் அதை வெளி உலகுக்குக் கொண்டுபோனார்.

விஞ்ஞானிகள் எல்லோரும் கை தட்டவில்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த சில விளைச்சல் கணக்குகள் நம்பத்தக்கவையே அல்ல என்று, பறக்கும் தட்டைக் கண்டதாகச் சொல்பவர்களோடு ஒப்பிட்டு 2004-இல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் நடந்த சண்டை கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஆங்கிலத்திலும் நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

நம் பக்கத்துக் கணக்கு நிதானமானது. 2003-04-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணிப் படுகையில் 100 உழவர்களின் வயலில், ஒரே வயலில் பாதி பழைய முறை பாதி புது முறை என்று வைத்துப் பார்த்தது. பழைய முறையில் சராசரி ஹெக்டேருக்கு 5,657 கிலோ. புது முறையில் 7,227 கிலோ. காவிரிப் படுகையிலும் இதுபோலவே சோதனை நடந்தது.

மாமா அந்த நூறு பேரில் ஒருவர் இல்லை. அவருக்கு அந்த எண்களும் தெரியாது, தெரிந்தாலும் நம்பியிருக்க மாட்டார். பக்கத்து ஊரில் இருந்த சோதனை வயலை அறுப்புக்கு முன்னால் போய்ப் பார்த்தவர், வரப்பில் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு தூரைப் பிடுங்கி வாய்க்காலில் அலசினார். ஊருக்குத் திரும்பி வந்து சொன்னது ஒரே வாக்கியம்: "வேரு வெள்ளையா இருக்கு மருமவனே."

அதை விளக்க வேண்டும். தொழியில், அதாவது உழுத சேற்றில், எப்போதும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்றுப் போகாது. வேர் செம்பழுப்பு ஏறி, கதிர் வரும் நேரத்துக்குள் பெரும்பகுதி செத்தும் போய்விடும். பிடுங்கினால் சாக்கடை வாடை அடிக்கும். ஒற்றை நாற்று வயலில் தண்ணீரை விட்டு, மயிரிழை வெடிப்பு விழும்வரை காயவிட்டு, மறுபடி ஓர் அங்குலம் கட்டுகிறார்கள். களைக்கருவியை உருட்டும்போது மண் புரண்டு காற்று உள்ளே போகிறது. முப்பது வருடம் பழுப்பு வேரை மட்டுமே பார்த்த ஒரு மனிதருக்கு வெள்ளை வேர் போதுமான ஆதாரமாக இருந்தது.

நடுகை நாள்

நாற்றங்காலே வேறு மாதிரி. உரச்சாக்கைப் பிரித்து விரித்து, மரச்சட்டம் வைத்து, மண்ணும் தொழுவுரமும் கலந்து நாலு விரல்கடைக்கும் குறைவாகப் பரப்பி, முளைகட்டிய விதையைத் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். பதினாலு நாளில் பாய் மாதிரிச் சுருட்டி எடுக்கலாம். பாய் நாற்றங்கால் என்றே பெயர். அத்தை கோழிக்குப் பயந்து கொல்லையில் வலை கட்டினாள். முதல் தடவை மண் கூடிப்போய்ப் பாய் எழும்பவில்லை, உதிர்ந்தது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. இந்த உதிர்ந்த பாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நடுகைக்கு ஆள் கூட்டி வருகிற அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டிய வயது. பதினொரு பேரைக் கூட்டி வந்தாள். வந்தவர்கள் நாற்றைப் பார்த்தார்கள். ஒரு சாண்கூட இல்லை, மூன்று இலை. வழக்கமாக அவர்கள் நடுவது இருபத்தைந்து முப்பது நாள் நாற்று. நாற்றுக் கட்டுகளை முடி முடியாக வீசுவார்கள், நாலைந்தைச் சேர்த்துப் பிடித்து விறுவிறுவென்று பின்னால் நடப்பார்கள், குலவை கேட்கும். இங்கே முடி இல்லை. முடிச்சுப் போட்ட கயிற்றை இரண்டு பேர் பிடிக்க, முடிச்சுக்கு ஒன்றாக, 22.5 சென்டிமீட்டருக்கு ஒன்று, நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும். இரண்டு விரலால் மேலாக வைக்க வேண்டும், அழுத்தக் கூடாது. "பல்லுக்குத்த வச்சிருந்த குச்சியயா நடச் சொல்லுதிய?" என்றது ஒரு குரல். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அன்றைக்கு யாரும் குலவையிடவில்லை.

அக்காவின் ஆட்சேபம் சிரிப்பில் அடங்குகிற விஷயமாக இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வரப்பில் உட்கார்ந்தபோது மாமாவிடம் சொன்னாள்: "அண்ணாச்சி, வெளைஞ்சா உங்க பேரு. வெளையாட்டா எங்க பேருல்லா போவும். வயல மொட்டையா போட்டுட்டு கூலிய வாங்கிட்டு போய்ட்டாளுவன்னு சொல்லுவாவ. நாளைக்கு எவன் எங்கள நடுகைக்குக் கூப்பிடுவான்?"

புதுத் தொழில்நுட்பம் பற்றிய பேச்சுகளில் உழவரின் நட்டத்தைத்தான் கணக்குப் பார்ப்பார்கள். கூலிக்காரியின் பெயருக்கு வரும் நட்டத்தைக் கணக்கில் சேர்த்த யாரையும் நான் பார்த்ததில்லை. மாமா அன்று செய்தது ஒன்றுதான்: இரண்டு நாள் கூலி கொடுத்தார். ஏக்கர் கணக்குக்குப் பேசாமல் நாள் கணக்குக்குப் பேசியதால் அவர்கள் வேகம் காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் நடுகை பாதியில் நின்றிருக்கும் என்பது நோட்டைப் பார்க்கும்போது தெரிகிறது. அந்தப் பக்கத்தில் கூலிக்கு எதிரே மாமா "கூட" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

இருபத்தைந்து நாள்

நட்ட பிறகு வயல் வெறுமையாகக் கிடந்தது. ஒரு சதுர மீட்டரில் இருபது நாற்று. அடுத்த வயலில் அதே இடத்தில் நூறுக்கும் மேல். கால்வாய்க் கரை மேல் சைக்கிளில் போகிற எல்லோரும் இறங்கி நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் மழை பிடித்தது. பிசான மழைக்கு இரக்கம் கிடையாது. சாண் உயரம்கூட இல்லாத நாற்று முழுகிக் கிடந்தது. இரவில் மாமாவும் நானும் அரிக்கேன் விளக்கோடு போய் நாலு பக்கமும் வரப்போரம் வாய்க்கால் பறித்து நீரை வடித்தோம். வடிந்தபின் பார்த்தால் ஒரு மூலையில் நாற்றே இல்லை, மிதந்து போயிருந்தது.

டீக்கடையில், "என்ன அண்ணாச்சி, மீனு கீனு வளக்கியளோ?" என்று ஒருவர். "அவரு வயலுக்குப் பூனை மயிரு நட்டிருக்காரு" என்று இன்னொருவர். மாமா சிரித்துவிட்டு வருவார். ஆனால் அந்த நாட்களில் அவர் கால்வாய்க் கரை வழியாக வயலுக்குப் போகவில்லை. இடுகாட்டுப் பக்கம் சுற்றிப் போனார். அரை மைல் கூடுதல். இதை அவர் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. கூடவே நடந்ததால் தெரியும்.

ஒரு புது முறை நல்லதா என்று தெரியவர நாலு மாதம் ஆகும். அது கேவலமாகத் தெரிவது மட்டும் முதல் வாரமே தொடங்கிவிடுகிறது. மருந்துக் கடையில் புதுப் பூச்சிமருந்து வாங்கி அடித்தால் யாருக்கும் தெரியாது. வயலின் தோற்றத்தையே மாற்றுகிற முறைக்கு ஊர் முழுக்கச் சாட்சி. ஒற்றை நாற்று பல ஊர்களில் காலூன்றாததற்குக் காரணம் தேடுகிறவர்கள் விளைச்சல் அட்டவணையை விட்டுவிட்டு இந்த இருபத்தைந்து நாளைப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு பயிர் நடந்துகொண்ட விதத்தை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நெல் கணுவுக்குக் கணு கிளைக்கும். ஒவ்வொரு கிளையும் தன் முறை வரும்போது இன்னொன்றைப் போடும். வட்டி குட்டி போடுவது மாதிரி. முப்பது நாள் நாற்றைப் பிடுங்கி வேரை அறுத்து நட்டால், அது மறுபடி நிமிர்வதற்குள் முதல் கிளைகளுக்கான தவணை கழிந்துவிடுகிறது. மூன்று இலைப் பருவத்தில், விதையும் மண்ணும் ஒட்டியபடியே எடுத்து வைத்தால் தவணை தப்புவதில்லை. ஆகவே முதல் மூன்று வாரம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், பிறகு கண்முன்னால் பெருகும். முப்பதாம் நாள் ஒரு தூரில் பதினேழு கிளை எண்ணினேன். நாற்பதாம் நாள் எண்ண முடியவில்லை. அன்று மாமா கால்வாய்க் கரை வழியாகப் போனார்.

களைக்கருவி வேறு கதை. இரண்டு பக்கமும் பல் வைத்த உருளை, நீளப் பிடி. பத்து நாளுக்கு ஒருமுறை, நாலு முறை, குறுக்கும் நெடுக்குமாக உருட்ட வேண்டும். எங்கள் களிமண்ணில் அது இரண்டடி போய் மாட்டிக்கொள்ளும். பெண்கள் கைவைத்துப் பார்த்துவிட்டு விலகிவிட்டார்கள். ஆண்கள்தான் உருட்டினார்கள், ஆண் கூலி. களையெடுப்பு அதுவரை பெண்களின் வேலை. தாமிரபரணிப் படுகைச் சோதனைகளின் கணக்கிலேயே பெண்களின் வேலை நாள் குறைந்து ஆண்களுடையது கூடியதாக வந்தது. செலவுக் கணக்கில் அது சிக்கனம். பதினொரு பேரில் நாலு பேர் அந்த வருடம் களையெடுப்புக்குப் பதிலாக முழுநேரம் பீடி சுற்றப் போனார்கள்.

அறுப்பு மாசியில். அதே துண்டில் முந்தைய பிசானத்தைவிட இரண்டு மூடை கூட. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அரைக் கிலோ விதை. அன்றிலிருந்து அந்தத் துண்டுக்கு "அரைக்கிலோ" என்று பெயர். "அரைக்கிலோவுக்குத் தண்ணி பாஞ்சிட்டா?" என்று இன்றும் கேட்பார்கள். விதைப்பாட்டில் நிலத்தை அளக்கும் வழக்கம் தன் போக்கில் புது முறையையும் அளந்து எடுத்துக்கொண்டது.

மூன்றாம் ஆண்டு

அடுத்த பிசானத்தில் மாமா ஓர் ஏக்கர். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர். அந்த வருடம் யாரும் மீன் வளர்ப்பு பற்றிக் கேட்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு காரிலும் செய்து பார்ப்போம் என்று இறங்கினார்கள். அங்கேதான் சிக்கியது.

காயவிட்டுப் பாய்ச்சு என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். எங்கள் கால்வாய்ப் பாசனத்தில் வயலுக்கு வயல் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயல் நிறைந்து கீழ் வயலுக்கு வழியும். நான் என் வயலைக் காயவிட்டால் எனக்குக் கீழே இருப்பவன் வயலும் காயும். அவனுக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் என் வயல் வழியாகத்தான் போயாக வேண்டும். காரில் அணையில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். தண்ணீர் முறை எப்போது வரும் என்று நிச்சயம் இல்லாதபோது கிடைக்கும் தண்ணீரை யாராவது வடிய விடுவானா? கட்டி வைப்பான். அது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை, ஞாயம்தான்.

மாமா வெடிப்பு விழட்டும் என்று காத்திருந்தார். முறை தள்ளிப்போனது. மயிரிழை வெடிப்பு விரல் நுழையும் வெடிப்பு ஆயிற்று. தண்ணீர் நிற்காத வயலில் களை கொண்டாடியது. வறண்டு இறுகிய மண்ணில் உருளை உருளவில்லை. கீழ் வயல்காரர் இரவில் மாமாவின் வரப்பை வெட்டித் தண்ணீர் கொண்டுபோனார். பேச்சு முற்றி, இரண்டு குடும்பத்துக்கும் ஒரு வருடம் போக்குவரத்து இல்லை. அந்தக் கார் வயல் பழைய முறையில் வந்திருக்கக்கூடிய அளவுகூட வரவில்லை.

சேர்ந்த மூன்று பேரில் ஒருவர் கோயில் நிலம் குத்தகைக்குச் செய்தவர். விளைந்தாலும் விளையாவிட்டாலும் கோட்டைக் கணக்கில் குத்தகை அளக்க வேண்டும். சொந்த நிலக்காரருக்கு இருபது சென்ட் தோற்றால் ஒரு மாதச் சோறு போகும். அவருக்குத் தோற்றால் கடன். அவர் முதல் ஆளாக விலகினார். அடுத்த ஆண்டு மற்ற இருவர். 2009-இல் மாமாவும் கயிற்றைச் சுருட்டிப் பரணில் போட்டார்.

அந்த ஆண்டுகளில் உலக வங்கிக் கடனோடு நடந்த நீர்வளத் திட்டத்தில் இந்த முறையைத் தமிழ்நாடு முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மேலே ஏறுமுகம், எங்கள் ஊரில் இறங்குமுகம். அட்டவணை எடுப்பவர்கள் எங்கள் ஊரைத் தோல்வியில் சேர்த்திருப்பார்கள்.

பரணில் போனதும் போகாததும்

கயிறு போயிற்று. களைக்கருவி தொழுவத்தில் துருப்பிடித்தது. சதுர நடவு நின்றது. ஆனால் விதையளவு பழையபடி ஏறவில்லை. அரைக் கிலோவில் இருபது சென்ட் விளைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு ஏக்கருக்கு இருபத்தைந்து கிலோ தூவக் கை வரவில்லை. பாதியாகக் குறைந்து அங்கேயே நின்றுவிட்டது. நாற்பது நாள் நாற்றை நடுகிற சோம்பலும் போயிற்று. ஒரு குத்துக்கு நாலைந்து என்பது இரண்டு மூன்றானது. இதற்கெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை. கேட்டால், "நாங்க எப்பவும் இப்படித்தானே நடுதோம்" என்பார்கள். அம்பை 16-க்கு நடந்தது மாதிரி.

பெரியது பின்னால் வந்தது. நடுகைக்கு ஆள் கிடைப்பது குறைந்துபோய், சில ஆண்டுகள் கழித்து நடவு எந்திரம் வாடகைக்கு வரத் தொடங்கியது. எந்திரத்துக்கு முடி நாற்று ஆகாது. அதன் தட்டில் வைக்க, பதினைந்து முதல் பதினெட்டு நாள் வயதில், பாய் மாதிரிச் சுருட்டக்கூடிய நாற்று வேண்டும். அதே பாய் நாற்றங்கால்! எங்கள் ஊரில் அத்தை உட்பட நாலைந்து வீடுகளுக்கு அந்தக் கைப்பழக்கம் இருந்தது: மண் எத்தனை கனம், தொழுவுரம் எவ்வளவு, எந்த நாளில் சுருட்டலாம், எந்த நாளில் சுருட்டினால் உதிரும். கால்வாயின் கீழ்ப்பக்கத்து ஊர் ஒன்றில் அதே பருவத்தில் எந்திரம் வந்து நாள் முழுக்க நின்றது, பாய் உதிர்ந்தது, வாடகை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஊர் அந்த உதிர்ந்த பாயை 2004-லேயே உதிர்த்து முடித்திருந்தது. மறுவாரம் கீழூரிலிருந்து இரண்டு பேர் அத்தையிடம் வந்து கொல்லையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இது இரண்டு ஊர், ஒரு பருவம். இதை வைத்துப் பொதுவிதி கட்ட மாட்டேன். ஆனால் ஒரு தொழில்நுட்பத்தின் பலனை அதன் பெயரிலேயே தேடினால் கிடைக்காத இடம் ஒன்று இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி என்னிடம் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் பாதி. வயல்நீர்க்குழாய் என்று ஒன்று வந்திருக்கிறது. ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயலில் பாதி புதைத்துவிட்டால் உள்ளே நீர்மட்டம் தெரியும். மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் பாய்ச்சினால் போதும். கிணற்றுப் பாசனக்காரர்கள் இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். கால்வாய்ப் பாசனத்தில் வைத்தால் குழாய், "தண்ணீர் வேண்டாம்" என்று சொல்லும்; மடை, "வருகிறேன்" என்று சொல்லும். கருவி மாறினாலும் வாய்க்கால் மாறவில்லை.

ட்ரோன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பத்து லிட்டர் தொட்டியோடு வருகிறது. ஏக்கருக்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. மருந்து அடிக்கிறவர் மூக்குக்கு நல்லது. எங்கள் பக்கத்தில் நெல்லுக்கு நடுவே வாழை, வாழைக்கு நடுவே தென்னை, துண்டு துண்டு நிலம். காற்றடித்தால் மருந்து எங்கே போகும் என்ற கேள்விக்கு ஓட்ட வந்த பையன் சரியாகப் பதில் சொல்லவில்லை. மாமா மகன் முதல் முறை அதை இறக்கியது அரைக்கிலோவில் மட்டும். மற்ற வயலுக்கு வழக்கம்போல் கைத்தெளிப்பான். "அதுல என்ன வந்தாலும் பாத்துக்கிடலாம்" என்றான். அந்தத் துண்டைப் பற்றி வீட்டில் யாரும் உட்கார்ந்து முடிவெடுத்ததில்லை. எது புதுசாக வந்தாலும் அங்கேதான் முதலில் இறங்குகிறது. நானோ யூரியா என்ற திரவ உரத்தையும் அங்கேதான் தெளித்தார்கள், இரண்டு போகம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

கடைசியாக நான் போனது எந்திர நடுகைக்கு மறுநாள். எந்திரம் திரும்புகிற ஓரங்களிலும் மூலைகளிலும் நாற்று விழாது. அங்கங்கே குத்தும் விட்டுப்போகும். அதை நிரப்ப ஆள் வேண்டும். அதே அக்கா வந்திருந்தாள், அறுபது தாண்டிவிட்டது, கூட மூன்று பேர்தான். பதினொன்றில் மிச்சம். மீந்த பாயிலிருந்து நாற்றைப் பிய்த்து, ஒவ்வொன்றாக, இரண்டு விரலால், அழுத்தாமல் வைத்துக்கொண்டு போனாள். மண்ணோடு வைக்கிறாள், வேர் மடங்காமல் வைக்கிறாள். நான் வரப்பில் நின்று பார்ப்பதைக் கவனித்து நிமிர்ந்தாள்.

"என்னய்யா, கயித்தக் காணுமேன்னு பாக்கியளா?"

மாமா திண்ணையை விட்டு இறங்குவதில்லை இப்போது. சாயங்காலம் கூலி வாங்க வந்தவளிடம் அரைநாள் கணக்கு நீட்டினான் அவர் மகன். நாலு பேர்தானே, மூலைதானே என்றான். அவள் வாங்கவில்லை. திண்ணையைப் பார்த்துத் திரும்பி, "அண்ணாச்சி, ஒத்த நாத்துன்னா நாள் கூலின்னு அன்னைக்கே பேசியாச்சுல்லா?" என்றாள். மாமா மகனைக் கூப்பிட்டு முழுநாள் கொடுக்கச் சொன்னார்.